மேற்குக் கனடாவுல கூட்டாளிங்களோட காடி (கார்) ஓட்டிட்டுப் போகணுமா? டிக்கெட் எடுக்குறதுக்கு முன்னாடி இத படிங்க

கனடா ரோடு ட்ரிப்புன்னு யாராவது சொன்னதும் நம்ம ஆளுங்க வாட்சப் குரூப் ஒண்ணு தொறந்து நீலக் கலர் ஏரி படமா அனுப்ப ஆரம்பிச்சிருவாங்க, படம் வந்துக்கிட்டே இருக்கும், ஆனா யாருக்கு எத்தன நாள் லீவு கிடைக்கும், யார் கையில எவ்வளவு காசு இருக்குன்னு ஒருத்தரும் பேச மாட்டாங்க. மலேசியாவுல சுங்கை சிப்புட் மாதிரி ஊர்ல இருந்து கெளம்புற கூட்டத்துக்கு இதுதான் முக்கியம். தோட்டத்துல ஒண்ணா வளந்தோம், ஒரே ஸ்கூல் பஸ்ல போனோம், ஆனா இப்ப ஒருத்தன் சிங்கப்பூர்ல வேல செய்யுறான், ஒருத்தி கோலாலம்பூர் பேங்க்ல இருக்கா, ஒரு அண்ணன் இன்னும் இங்கயே செம்பனை லோரி ஓட்டுறாரு, சம்பளமும் வேற லீவும் வேற. அதனால முதல்ல ஆளுங்கள முடிவு பண்ணுங்க, அப்புறம் காசு, அப்புறம் நாள், அப்புறம் ரோடு, எந்த ஏரிக்கு போறதுங்கறது கடைசிலதான்.

எல்லாரும் ஊருக்கு வர்ற ஒரு நாள் பாத்து தே தாரிக் வாங்கி வெச்சு நேர்ல உக்காந்து பேசுங்க, போன்ல பேசினா எல்லாரும் ஓகே ஓகேன்னுதான் சொல்லுவாங்க. ஆனா காசு விஷயத்த மட்டும் கூட்டத்துல கேக்காதீங்க, தனித்தனியா கேளுங்க, ஏன்னா கம்மியா வெச்சிருக்கவங்க எல்லார் முன்னாடியும் வாய தொறக்க மாட்டாங்க, சரின்னு தலையாட்டிட்டு அப்புறம் கடன் வாங்கித்தான் வருவாங்க. யார் சொன்ன தொகை கம்மியோ அத வெச்சுதான் மொத்தத் திட்டமும் போடணும், யார் சொன்னதுன்னு வெளிய சொல்லவும் கூடாது. இதுல நான் ரொம்ப பிடிவாதமா இருப்பேன். கனடா டாலர் ஒண்ணு மூணு வெள்ளி (ரிங்கிட்) பக்கம் வரும்னு வெச்சு கணக்கு போடுங்க, ஒரு வருஷம் முன்னாடியே ஆரம்பிச்சு மாசா மாசம் எல்லாரும் ஒரே தொகைய ஒரே கணக்குல போட்டு வந்தா டிக்கெட் எடுக்குற நேரத்துல ஒருத்தர் கைய ஒருத்தர் பாக்க வேண்டியது இல்ல.

விசா. மலேசியா பாஸ்போர்ட்டுக்கு கனடா போக விசா வேணும், சும்மா ஏறிப் போயிட முடியாது. ஆன்லைன்ல அப்ளை பண்ணணும், கட்டணம் ஆளுக்கு 100 கனடா டாலர், கைரேகையும் படமும் எடுக்க இன்னும் 85 டாலர், அதுக்கு கோலாலம்பூர்ல இருக்குற விசா சென்டருக்கு நேர்ல போகணும். கைரேக குடுத்தா பத்து வருஷத்துக்கு செல்லும். சம்பள சிலிப், பேங்க் ஸ்டேட்மென்ட், முதலாளி குடுக்குற லீவு லெட்டர், போற வழிய எழுதின ஒரு தாள், இதெல்லாம் ஒவ்வொருத்தரும் தனித்தனியா வெக்கணும், கூட்டமா போறோம்னு கூட்டமா விசா குடுக்க மாட்டாங்க, ஒருத்தருக்கு கெடச்சு ஒருத்தருக்கு கெடைக்காமலும் போகலாம். அதனால எல்லார் விசாவும் கைக்கு வர்ற வரைக்கும் காசு திரும்பி வராத டிக்கெட்டோ ரூமோ எடுக்காதீங்க. சொந்தத் தொழில் செய்யுறவங்களும் லோரி ஓட்டுறவங்களும் வருமான வரி தாள் இருந்தா கண்டிப்பா சேத்து வைங்க.

கோலாலம்பூர்ல இருந்து வான்கூவருக்கு நேரா விமானம் இல்ல, ஹாங்காங், தைப்பே, டோக்கியோ மாதிரி எங்கயாவது இறங்கி மாறி ஏறணும். விலை கம்மின்னு அமெரிக்கா வழியா எடுத்துறாதீங்க, அங்க சும்மா மாறி ஏறுறதுக்கே அமெரிக்கா விசா கேப்பாங்க, சியாட்டல் ஒரு நாள் எட்டிப் பாப்போம்னு நெனைக்கிறவங்களுக்கும் அதே கதைதான். கோடையில வான்கூவர் நமக்கு 15 மணி நேரம் பின்னாடி, ஒடம்பு ரெண்டு நாளைக்கு பகல்ல தூங்கும் ராத்திரி முழிச்சிருக்கும், அதனால வான்கூவர்ல ரெண்டு ராத்திரி தங்கிட்டுதான் காடி எடுக்கணும். ஏர்போர்ட்ல இறங்கி நேரா சாவி வாங்கி மலை ரோட்டுல ஏறுற திட்டத்த யார் போட்டாலும் ஒத்துக்காதீங்க.

எப்ப போறது? ஜூன் நடுவுல இருந்து செப்டம்பர் நடு வரைக்கும். என்னக் கேட்டா செப்டம்பர் முதல் ரெண்டு வாரம், அங்க ஸ்கூல் தொறந்துருவாங்க, கூட்டம் கொறஞ்சிரும், ரூம் விலையும் எறங்கும். தீபாவளி லீவோட சேத்து போலாம்னு நிறைய பேர் கேப்பாங்க, வேணாம், அந்த நேரத்துல பனி விழும், அக்டோபர் 1ல இருந்து வான்கூவர் இருக்குற பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்து மலை ஹைவே பெரும்பாலும் குளிர்கால டயர் இல்லாம ஓட்டவே கூடாது, பனியில ஓட்டிப் பழகாத நமக்கு முதல் பயணம் அதுவா இருக்கக் கூடாது. ஜூலை ஆகஸ்ட்ல காட்டுத்தீ புகை வரும், இத சாதாரணமா எடுத்துக்காதீங்க, 2024 ஜூலைல வந்த தீயில ஜாஸ்பர் ஊர்ல மூணுல ஒரு பங்கு கட்டடம் எரிஞ்சிருச்சு, 2021 ஜூன் கடைசில லிட்டன்ங்கிற ஊர்ல 49.6 டிகிரி வெயில் அடிச்சு அடுத்த நாளே ஊரே தீயில போயிருச்சு. அதனால ரூம் எல்லாம் கேன்சல் பண்ணுற மாதிரி எடுங்க, காலைல கெளம்புறதுக்கு முன்னாடி ரோடு நெலமை சொல்லுற வெப்சைட், பிரிட்டிஷ் கொலம்பியா பக்கம் டிரைவ்பிசி, பக்கத்து மாநிலமான அல்பெர்ட்டா பக்கம் 511, பாத்துட்டு கெளம்புங்க.

காடி. நாலு பேர்னா ஒரு எஸ்யுவி போதும், அஞ்சு பேர்னா நெருக்கி உக்காரலாம். ஆறு பேர் ஏழு சீட் எஸ்யுவில போலாம்னு கணக்கு போடுவாங்க, ஆனா மூணாவது வரிசைய தூக்கிட்டா பெட்டி வெக்க எடம் இருக்காது, மடியில பேக்க வெச்சுக்கிட்டு அவ்வளவு தூரம் உக்கார முடியாது, ஆறு பேருக்கு பெரிய வேன் எடுங்க இல்லன்னா ரெண்டு காடியா பிரியுங்க. வாடகை எடுக்கும்போது கேக்க வேண்டியது: கிலோமீட்டர் அளவு இருக்கா, அல்பெர்ட்டா மாநிலத்துக்குள்ள போனாலும் அதே கணக்கா, ரெண்டாவது டிரைவருக்கு எவ்வளவு, வேற ஊர்ல விட்டா எவ்வளவு கூட. வான்கூவர்ல எடுத்து கல்கரில விட்டா கூட காசு கேப்பாங்க, அதனாலதான் நான் சுத்தி வந்து வான்கூவர்லயே விடுற வழிய சொல்லுறேன். முக்கிய டிரைவர் பேர்ல கிரெடிட் கார்டு இருக்கணும், ஜேபிஜே (மலேசியா சாலைப் போக்குவரத்து இலாகா) ஆபீஸ்ல இன்டர்நேஷனல் லைசன்ஸ் எடுத்துட்டு மலேசியா லைசன்ஸும் கூடவே வெச்சிருக்கணும், ஒண்ண விட்டுட்டு ஒண்ண எடுத்துட்டுப் போகாதீங்க. பி லைசன்ஸ் (புதுசா எடுத்தவங்களுக்கு குடுக்குற லைசன்ஸ்) காரங்களையும் 25 வயசுக்கு கொறஞ்சவங்களையும் டிரைவர் கணக்குல சேக்காம இருக்குறது நல்லது, பல கம்பெனி அவங்களுக்கு கூட காசு வாங்கும் இல்லன்னா குடுக்கவே குடுக்காது.

ஓட்டுற விஷயம். அங்க வலது பக்கம். நேர் ரோட்டுல பிரச்சன வராது, பெட்ரோல் ஸ்டேஷன விட்டு வெளிய வரும்போதும் ஆளில்லாத சந்துல இடது பக்கம் திரும்பும்போதும்தான் கை பழைய பழக்கத்துக்கு போயிரும், அதனால பக்கத்து சீட்டுல இருக்குறவங்களுக்கு முதல் மூணு நாள் தூங்க அனுமதி இல்ல, ஒவ்வொரு திருப்பத்துலயும் வலது வலதுன்னு சொல்லணும், அது அவங்க வேல. சிக்னல் கம்பி இடது கைப்பக்கம் இருக்கும். செவப்பு லைட்ல முழுசா நிறுத்திட்டு வலது பக்கம் திரும்பலாம், கூடாதுன்னு போர்டு இருந்தா திரும்பக் கூடாது. நாலு பக்கமும் ஸ்டாப் போர்டு இருந்தா முதல்ல வந்து நிறுத்தினவங்க முதல்ல போகணும். மஞ்சள் ஸ்கூல் பஸ் செவப்பு லைட் அடிச்சா எதிர்ப்பக்கம் வர்றவங்களும் நிக்கணும். பிரிட்டிஷ் கொலம்பியால பச்ச லைட் மின்னினா அது நடக்குறவங்க பட்டன் அமுக்குற சிக்னல், எப்ப வேணாலும் மாறும். டோல் இல்ல, அந்த வழி முழுக்க டச் என் கோ மாதிரி டோல் கார்டு தேட வேண்டியதே இல்ல.

இப்ப தூரம். நம்ம பிளஸ் ஹைவே ஜொகூர்ல இருந்து புக்கிட் காயு ஹீத்தாம் வரைக்கும் சுமார் 770 கி.மீ., கொஞ்ச தூரத்துக்கு ஒரு ஆர் அண்ட் ஆர் (ரெஸ்ட் ஏரியா), சூராவ் (தொழுகை எடம்), டாய்லெட், நாசி லெமாக் எல்லாம் இருக்கும், அந்தப் பழக்கத்துலதான் நம்ம ஆளுங்க ஒரே நாள்ல 800 கி.மீ. ஓட்டிரலாம்னு சொல்லுவாங்க. அங்க அப்படி நெனைக்காதீங்க. ரோடு நல்லா இருக்கும், வேகம் கூட காக்கிஹாலா ஹைவேல 120 வரைக்கும் குடுத்திருக்காங்க, ஆனா கண்ணு முன்னாடி வர்ற மலைய பாத்துட்டு யாராலயும் நிறுத்தாம போக முடியாது. ஒரு நாளைக்கு 300 கி.மீ., ரொம்ப போனா 350, அதுக்கு மேல போடாதீங்க.

வழி இப்படி போடலாம். வான்கூவர்ல இருந்து ஹோப், காக்கிஹாலா வழியா காம்லூப்ஸ், அது 350 கி.மீ. பக்கம். அடுத்த நாள் ரெவல்ஸ்டோக், 210. அதுக்கப்புறம் ராஜர்ஸ் பாஸ் ஏறி கோல்டன், யோஹோ பார்க், லேக் லூயிஸ், மொத்தம் 225 பக்கம்தான், ஆனா ஒரு நாள் முழுக்க எடுத்துக்குங்க, யோஹோல எமரால்டு ஏரியும் 373 மீட்டர் உயரத்துல இருந்து விழுற டக்காக்கா அருவியும் இருக்கு. இங்கதான் மணியும் மாறும், கோல்டன் போறதுக்குள்ள ஒரு மணி நேரம் முன்னாடி போயிருக்கும், ரூம் செக் இன் நேரத்த அதப் பாத்து வைங்க. பான்ஃப் பக்கம் மூணு ராத்திரி, அங்க இருந்து ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே வழியா ஜாஸ்பர்ல ரெண்டு ராத்திரி, திரும்பும்போது மவுண்ட் ராப்சன் பாத்துட்டு கிளியர்வாட்டர்ல ஒரு ராத்திரி, அங்க வெல்ஸ் கிரே பார்க்ல ஹெல்ம்கன் அருவி 141 மீட்டர், நின்னு பாத்தா பேச்சு வராது. அப்புறம் காம்லூப்ஸ், வான்கூவர். மொத்தம் 2000 கி.மீ. பக்கம். வான்கூவர்ல தங்குறதையும் சேத்து 12 நாள் இருந்தா நல்லது, பத்து நாளுக்கு கொறஞ்சா ஜாஸ்பர விட்டுருங்க, எல்லாத்தையும் ஓடி ஓடி பாக்காதீங்க.

ரெவல்ஸ்டோக் போறதுக்கு முன்னாடி கிரெய்கெலாக்கின்னு ஒரு எடம் வரும், ரோட்டோரத்துலயே, பத்து நிமிஷத்துல பாத்துரலாம், பெரும்பாலும் எல்லாரும் தாண்டிப் போயிருவாங்க. நீங்க போகாதீங்க, நிறுத்துங்க. கிழக்குக் கனடாவையும் பசிபிக் கடலோரத்தையும் சேத்து போட்ட கனடியன் பசிபிக் ரயில் பாதையோட கடைசி ஆணிய 1885 நவம்பர் 7ல அங்கதான் அடிச்சாங்க. பிரிட்டிஷ் கொலம்பியா பக்கத்து மலைய வெடி வெச்சு ஒடச்சு அந்தப் பாதைய போட்டதுல சுமார் 15,000 சீனத் தொழிலாளிங்க, நூத்துக்கணக்குல செத்துப் போனாங்க. பாதை முடிஞ்ச அதே வருஷம் இனிமே வர்ற சீனர் பெரும்பாலும் எல்லாரும் ஆளுக்கு 50 டாலர் தல வரி கட்டணும்னு சட்டம் போட்டாங்க, அதுக்கு கனடா அரசாங்கம் மன்னிப்பு கேட்டது 2006லதான். நம்ம தாத்தா பாட்டிங்க காட்ட அழிச்சு ரப்பர் நட்டு ரயில் பாதையும் ரோடும் போட்டு, கடைசில தோட்டத்துல குடியிருந்த லயத்து வீட்டையும் விட்டு வெளிய போகச் சொன்னத பாத்தவங்க நாம, அங்க நிக்கும்போது அங்க இருக்குற நினைவுக் கல்லு நமக்கு வேற மாதிரி தெரியும். வண்டில இருக்குற சின்னப் பசங்களுக்கு இத சொல்லிட்டு ஏத்துங்க.

ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வேதான் இந்தப் பயணத்தோட உசிரு. லேக் லூயிஸ்ல இருந்து ஜாஸ்பர் வரைக்கும் 232 கி.மீ., 90ல ஓட்டினா மூணு மணி நேரத்துல முடிஞ்சிரும், ஆனா காலைல ஏழு மணிக்கே கெளம்பி சாயங்காலம் ஜாஸ்பர் போய்ச் சேருற மாதிரி வைங்க. முதல்ல போ (Bow) ஏரி, அப்புறம் பேட்டோ (Peyto) ஏரி, அந்தக் கலர பாத்துட்டு படத்துல திருத்திருக்காங்கன்னு நெனச்சவங்க எல்லாம் வாயடச்சு நிப்பாங்க, பனிப்பாறை மெதுவா நகந்து கல்ல மாவா அரைக்குது, அந்த மாவு தண்ணில மெதந்து வெளிச்சத்த அப்படி காட்டுது. ஜூன் ஆரம்பத்துல போனா ஏரி இன்னும் உறைஞ்சே இருக்கலாம், முழுக் கலரும் ஜூலைக்கு மேலதான். அப்புறம் கொலம்பியா ஐஸ்ஃபீல்ட்ங்கிற பெரிய பனிப்பரப்பு, அங்க அத்தபாஸ்கா பனிப்பாறை எந்த வருஷம் எதுவரைக்கும் இருந்துச்சுன்னு வழியெல்லாம் வருஷம் எழுதி நட்டு வெச்சிருக்காங்க, நூத்தி சொச்சம் வருஷத்துல ஒன்ற கிலோமீட்டருக்கு மேல பின்னாடி போயிருச்சு. கயித்துக்கு அந்தப் பக்கம் போய் பனி மேல ஏறி படம் எடுக்குறவங்கள பாப்பீங்க, கூடவே கூடாது, மேல பனி மூடியிருக்கும் கீழ ஆழமான வெடிப்பு இருக்கும், விழுந்தா தூக்கவே முடியாது, ஏறணும்னா கைடு வெச்சு மட்டும் ஏறுங்க. ஜாஸ்பர் கிட்ட வரும்போது சன்வாப்டா அருவி, அத்தபாஸ்கா அருவி ரெண்டும் ரோட்டுக்கு பக்கத்துலயே.

இந்த ரோட்டுல போன் லைன் கெடைக்காது. மேப்ப முந்தின நாள் ராத்திரியே போன்ல எறக்கி வைங்க, ரெண்டு காடின்னா எங்க நின்னு சேரணும்னு மூணு எடம் முன்னாடியே பேசி வைங்க. பெட்ரோல் போடுற எடம் நடுவுல ஒண்ணே ஒண்ணுதான், சஸ்காச்சுவான் ரிவர் கிராசிங், விலையும் கூட, குளிர்காலத்துல அதுவும் மூடிரும், அதனால லேக் லூயிஸ்லயே புல் டேங்க் போட்டுருங்க. பொதுவாவே பாதி டேங்க்குக்கு கீழ எறங்க விடாதீங்க.

பான்ஃப் ஊருக்குள்ள ரூம் விலை ரொம்ப அதிகம், இருபது நிமிஷம் தள்ளி பார்க்குக்கு வெளிய கேன்மோர்ல கிச்சனோட இருக்குற வீடா எடுங்க, ஆறு மாசம் முன்னாடியே. மொரெய்ன் ஏரிக்கு 2023ல இருந்து சொந்தக் காடி விட மாட்டாங்க, வாடகக் காடியும்தான், பார்க்ஸ் கனடா ஷட்டில் பஸ்ல சீட் போட்டு போகலாம், கொஞ்சம் சீட் வசந்தத்துல விடுவாங்க, மிச்சம் போற தேதிக்கு ரெண்டு நாள் முன்னாடி காலைல 8 மணிக்கு விடுவாங்க, அன்னைக்கு எல்லாரும் போன வெச்சுக்கிட்டு உக்காருங்க. லேக் லூயிஸ் பார்க்கிங் விடியகாலைலயே நெறஞ்சிரும், அதே ஷட்டில்ல ரெண்டையும் பாத்துரலாம். பார்க்குக்குள்ள போக பாஸ் வேணும், ஒரு காடில ஏழு பேர் வரைக்கும் சேத்து ஒரே குரூப் பாஸ் எடுக்கலாம், ஆளாளுக்கு எடுக்காதீங்க. பான்ஃப், யோஹோ, ஜாஸ்பர் எல்லாத்துக்கும் அந்த ஒரு பாஸே செல்லும்.

சாப்பாடு விஷயத்துல நான் கொஞ்சம் கூடவே பேசுவேன், ஏன்னா காசு மிச்சம் ஆகுறதும் சண்ட வர்றதும் இதுலதான். அங்க போர்டுல போட்டிருக்குற விலைக்கு மேல வரி வரும், பிரிட்டிஷ் கொலம்பியால 5 சதவீதமும் 7 சதவீதமும் பல சாமானுக்கு சேரும், அல்பெர்ட்டால 5 மட்டும், ஓட்டல்ல உக்காந்து சாப்பிட்டா டிப்ஸ் 15 சதவீதத்துக்கு மேல எதிர்பாப்பாங்க. மூணு வேளையும் கடையில சாப்பிட்டா கம்மியா காசு கொண்டு வந்தவங்க ரெண்டாவது நாளே பசிக்கலன்னு சொல்ல ஆரம்பிப்பாங்க. அதனால காலைலயும் ராத்திரியும் நாமே சமைக்கணும், மத்தியானம் பார்க்ல இருக்குற மேசையில கட்டிக்கிட்டு வந்த சோறு. ரைஸ் குக்கர இங்க இருந்து தூக்கிட்டுப் போகாதீங்க, நம்ம கரண்ட் 240 வோல்ட், அங்க 120, நம்ம குக்கர் அங்க சரியா சூடாகாது, வான்கூவர்ல வால்மார்ட்ல சின்னதா ஒண்ணு வாங்கிக்குங்க, அரிசி பருப்பு மசாலா எல்லாம் வான்கூவர் பக்கத்துல இருக்குற சர்ரேல பஞ்சாபி கடைங்கள்ல கெடைக்கும். இங்க இருந்து பாபாஸ் கறித்தூள், மைலோ, நெத்திலி சம்பால் கொண்டு போகலாம், ஆனா எறச்சி இருக்குற எதுவும் வேணாம், கஸ்டம்ஸ் ஃபார்ம்ல சாப்பாட்டு சாமான் இருக்குன்னு கண்டிப்பா சொல்லிருங்க, சொன்னா பாத்துட்டு விட்டாலும் விடுவாங்க எடுத்துக்கிட்டாலும் எடுத்துக்குவாங்க, மறச்சு மாட்டினா அபராதம்.

அந்த சம்பால் வாசத்துக்கு கரடி வரும், சும்மா சொல்லல. பார்க்குக்குள்ள சாப்பாடு, குப்ப, பாத்திரம், பல்பசை கூட மேசையில விட்டுட்டு நகரக் கூடாது, எல்லாம் காடிக்குள்ள இல்லன்னா இரும்புப் பெட்டிக்குள்ள. ரோட்டோரத்துல கரடி நின்னா எறங்காதீங்க, கரடிக்கும் ஓநாய்க்கும் 100 மீட்டர், மானுக்கும் மூஸுக்கும் (பெரிய மான் வகை) 30 மீட்டர் தள்ளி நிக்கணும்னு பார்க்ஸ் கனடா சொல்லுது. நடக்கப் போனா நாலு பேரா பேசிக்கிட்டே போங்க, கரடிய விரட்டுற மிளகா ஸ்ப்ரே அங்கயே வாங்குங்க, விமானத்துல ஏத்த விடமாட்டாங்க.

துணிக்கு காசக் கொட்டாதீங்க, ஈப்போ பக்கம் பண்டல் (பழைய துணி) கடையில நல்ல குளிர் ஜாக்கெட் கம்மி விலைக்கு கெடைக்கும், உள்ள ஒண்ணு மேல ஒண்ணா போடுற மாதிரி எடுத்துக்குங்க, ஜூலைலயும் கொலம்பியா ஐஸ்ஃபீல்ட் காத்து எலும்புல ஏறும். மருத்துவ இன்சூரன்ஸ் எல்லாருக்கும் கட்டாயம், அங்க ஆஸ்பத்திரி செலவு நம்மால தாங்க முடியாது. இன்னொண்ணு, 2018ல இருந்து கஞ்சா அங்க சட்டப்படி கடையில விக்கிறாங்க, மிட்டாய் மாதிரியும் இருக்கும், கூட்டத்துல யாரும் தொட வேணாம், பெட்டில தெரியாம ஒண்ணு வந்தாக்கூட நம்ம ஊர் சட்டம் விடாது, இத கெளம்புறதுக்கு முன்னாடியே எல்லார்கிட்டயும் வாய் விட்டு சொல்லிருங்க.

செலவுக்கு ஒரே ஆள் கணக்கு வெச்சுக்கணும், தினமும் ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் அன்னைக்கு செலவ சத்தமா படிச்சுக் காட்டணும், அஞ்சு நிமிஷம் போதும். கடைசி ராத்திரி ஏர்போர்ட் பக்கம் ரிச்மண்ட்ல தங்குங்க, ரைஸ் குக்கரையும் மிச்ச அரிசியையும் யாருக்காவது குடுத்துருங்க, காடிக்கு புல் டேங்க் போட்டு ரசீத வெச்சுக்குங்க, திருப்பிக் குடுக்கும்போது நாலு பக்கமும் படம் எடுங்க. ரூமுக்கு வந்து கணக்க முடிச்சு மிஞ்சின காச அங்கயே சமமா பிரிச்சுருங்க, ஊருக்குப் போய் பாத்துக்கலாம்னு தள்ளிப் போடாதீங்க.